செத்த கன்று யார் கணக்கில்?

திருகோணமலைக்கு அருகே, சாம்பல்தீவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர் மணலில் பூக்கன்று வளர்க்கத் தொடங்கி ஏறக்குறைய பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. மண் என்று அதைச் சொல்ல முடியாது. கறுப்புப் பைகளை நிரப்பும் செம்மண், மாட்டெரு, தும்புத்தூள் எல்லாமே விலைக்கு வாங்கியவை. எங்களுடையது வெயிலும் கிணற்றுத் தண்ணீரும் மட்டும்தான். அந்தத் தண்ணீரும் ஆவணி பிறந்தால் உவர்க்கத் தொடங்கிவிடும்.

தொடங்கிய முதல் வருடத்திலேயே கன்று வாங்க வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மொத்த வியாபாரி. நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அப்போது கிண்ணியாப் பாலம் கிடையாது; 2009இல்தான் திறந்தார்கள். அதுவரை அவரது சிறிய லொறி, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, கடலைத் தாண்டி வரவேண்டும். பாதை பிந்தினால் கன்றுகள் துறையில் வெயிலில் நிற்கும். எங்கள் முதல் சண்டையும் அப்படி வந்ததுதான்.

முந்நூறு குரோட்டன் கன்று கொண்டுபோனார். பத்து நாள் கழித்து வந்து, நாற்பது செத்துவிட்டது, அந்தக் காசைக் கழித்துக்கொள் என்றார். என் பைகளில் நின்றவரை பளபளவென்று இருந்த கன்றுகள் உங்கள் இடத்தில் எப்படிச் சாகும் என்று நானும் விடவில்லை. கடைசியில் கணவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய இடத்தைப் பார்க்கப் போனேன். தெருவோர வெட்டை, ஒரு துண்டு நிழல்வலைகூட இல்லை. வாய் திறக்கப் போனபோதுதான் எனக்கே உறைத்தது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று கன்றுகளை அடர்ந்த வலைக்குள்ளேயே வைத்து வளர்த்திருந்தேன். நிழலில் விரிந்த இலை திடீர் வெயிலைத் தாங்காது, கருகி உதிரும். பிழை அவரிடம் பாதி, என்னிடம் பாதி.

அன்று அவருடைய கடன் கொப்பியில் ஒரு புதுக் கோடு போட்டோம். விற்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் கன்றுகளை வலைக்கு வெளியே எடுத்து வெயிலுக்குப் பழக்குவது என் வேலை. அவர் தன் இடத்தில் வலை கட்ட வேண்டும். ஏற்றிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் செத்தால் பாதிப் பாதி, அதற்குப் பிறகு அவர் கணக்கு. விலையைப் பற்றி அன்று பேசவே இல்லை. விலை வருடா வருடம் மாறியது. அந்தக் கோடு மாறவில்லை.

இந்தத் தொழிலில் விலையைப் பேசுவது எளிது. சாவைப் பேசுவதுதான் கடினம். அரிசி மூட்டையை ஒப்படைத்தால் வேலை முடிந்தது. கன்று கைமாறிய பிறகும் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் கேட்கிறது, காற்றில் வாடுகிறது. அதிலும் எங்கள் பக்கத்து வியாபாரம் தலைகீழானது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு உல்லாசப் பயணிகள் வருவது மே மாதத்திலிருந்து. அவர்களுக்குத் தோட்டம் பச்சையாக வேண்டும் என்ற நேரத்தில்தான் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும். ஆகவே கடதாசிப்பூவும் அரளியும் அடீனியமும்தான் எங்களைக் காப்பாற்றுகின்றன. (கடதாசிப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, பூக்கவில்லையே என்று குறைப்படும் தோட்டக்காரர்களை என்ன சொல்வது? அதைக் கொஞ்சம் வாடவிட்டால்தான் பூக்கும்.) மலைநாட்டுக் கன்றுகளைக் கேட்டு வருபவர்களிடம் நானா, காசை என்னிடம் தந்துவிட்டுக் கன்றைக் கடலில் போடுங்கள் என்பார்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு விடுதிகள் வெறிச்சோடின. நானா கடனுக்குக் கொடுத்த கன்றுகளின் காசு அங்கேயே முடங்கியது. என் பங்கை அவர் மூன்று தவணையாகத் தந்து தீர்த்தார். அவருக்கு அந்தக் காசு எப்போது வந்தது, வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, இம்முறை இலை சிறுத்துத்தான் வரும் என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை லொறியில் பத்து மூட்டை ஆட்டெரு வந்து இறங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு நான் செய்ததையும் எழுத வேண்டும். 2022 நடுப்பகுதியில் டீசல் இல்லை. லொறிகள் எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்றன. நானா வரவில்லை, காசும் வரவில்லை. கன்றுகளின் வேர் பையைக் கிழித்துக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிட்டது. இழுத்தால் வேர் அறும், விட்டால் கன்று முற்றிப்போகும். அப்போது வேறொருவர் கையில் காசோடு வந்தார். நானாவுக்கென்று ஒதுக்கியிருந்த அடீனியம் வரிசையை, வேறு விலையே பேசாமல் கொடுத்துவிட்டேன். வீட்டில் அரிசி இல்லை என்பது உண்மை. ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்காமல் விட்டதும் உண்மை.

இரண்டு மாதம் கழித்து நானா வந்தார். வெறுமையாக இருந்த வரிசையின் ஓரமாக நடந்தார். மணலில் பை இருந்த வட்டங்கள் அப்போதும் மறையவில்லை. அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். தேநீர் குடித்துவிட்டு, “செத்தது எத்தனை, தங்கச்சி?” என்று கேட்டார். நான் விற்றதைச் சொன்னேன். கொப்பியை விரித்தவர், எழுதாமல் மூடினார். அடுத்த ஒரு வருடம் முழுவதும் முற்பணம் தரவில்லை. ஏற்றும் அன்று எண்ணிக் காசு கொடுத்தார். அதை நான் தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பதினான்காவது மாதம், ஒன்றும் சொல்லாமல், பழையபடி முற்பணம் வைத்தார்.

இப்போது வியாபாரத்தை அவருடைய மகன் பார்க்கிறார். வட்ஸ்அப்பில் படம் கேட்கிறார், ஒவ்வொரு கன்றுக்கும் விலை கேட்கிறார், கெட்டிக்காரப் பிள்ளை. போன மாதம் ஏற்ற வந்தபோது, “செத்ததில் பாதியை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும், மாமி?” என்று கேட்டார். நானா லொறியின் முன் இருக்கையில் இருந்தார். முழங்கால் வலி, இறங்குவதில்லை. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டிக் கொப்பியைக் கேட்டார். பழைய கொப்பி, அட்டை கழன்றது. முதல் கோடு போட்ட பக்கத்தை எடுத்து மகனிடம் நீட்டினார். மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகு இருநூற்று முப்பது குரோட்டன் ஏற்றினோம். பத்தாம் நாள் மகனிடமிருந்து செய்தி வந்தது: ஆறு.