கொசுவம் சொருக முடியாத கை

தோள்பட்டை மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் மூட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தசையைப் பற்றியும் கேளுங்கள். எனக்கு வைத்த உலோக மூட்டில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் வந்தது அதைப் பிடித்து நிறுத்தும் தசையில்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். வலது தோள் மூட்டு தேய்ந்து, ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியாமல் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வலி போயே போய்விட்டது. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஸ்லிங்கைக் கழற்றிய பிறகு கையும் மெல்ல மேலே போக ஆரம்பித்தது. ஆனால் புடவைக் கொசுவத்தை மடித்து வயிற்றில் சொருகப் போனால் விரல்கள் உள்ளே அழுந்தவே இல்லை. அழுத்தப் பார்த்தால் மணிக்கட்டு மடங்கியது, முழங்கை தானாகப் பின்னால் போனது. தெருவில் இருக்கும் அடிபம்பு பக்கம் போக நினைத்தும் பார்க்க முடியாது.

ஆபரேஷன் செய்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மூட்டு நல்லா உட்கார்ந்திருக்கும்மா, வயசாச்சுல்ல, மெதுவாத்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும். தசைநார் அறுந்ததா, இளைத்ததா என்பது அதில் எங்கே தெரியப் போகிறது? ஒரு நிமிடம் கையைப் பிடித்துப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மகள்தான் விடாமல் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் ஃபைலைத் திறக்கும் முன்பே, "உள்ளங்கையை வயித்துல வச்சு அழுத்துங்கம்மா, முழங்கையை முன்னாடி வைங்க" என்றார். நான் தினமும் புடவை கட்டும்போது தோற்றுப்போகிற அதே வேலை! அதைப் பார்த்த உடனே சப்ஸ்காபுலாரிஸ் என்றார். தோளைச் சுற்றி ரொட்டேட்டர் கஃப் என்று 4 தசைகள். அதில் முன்பக்கம் இருப்பது இது; கையை உள்பக்கமாகத் திருப்புவது இதன் வேலை. என்னுடையது போன்ற ஆபரேஷனில் பெரும்பாலும் இதன் நாரை விலக்கித்தான் மூட்டுக்குள் போகிறார்கள், முடித்ததும் திரும்பத் தைக்கிறார்கள். ஸ்லிங் போட்டிருக்கும்போது கையை வெளிப்பக்கம் அதிகம் திருப்பாதே, கை ஊன்றி எழாதே என்று சொல்வதெல்லாம் அந்தத் தையலைக் காப்பாற்றத்தான்.

அப்புறம் மேல்கையின் வெளிப்பக்கத் தோலைத் தொட்டு மரத்திருக்கிறதா என்று பார்த்தார். அங்கே உணர்ச்சி குறைந்திருந்தால் தோளை மேலே மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்குப் போகும் நரம்பைச் சந்தேகிக்க வேண்டுமாம். எனக்கு அது சரியாக இருந்தது. கிருமித் தொற்று இல்லை என்று தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை. பிறகு அல்ட்ராசவுண்ட். எம்ஆர்ஐ படத்தை உள்ளே இருக்கும் உலோகம் கெடுக்கும், அல்ட்ராசவுண்டில் அந்தத் தொல்லை குறைவு. நார் மெலிந்திருந்தது, ஆனால் முழுதாக அறுந்துவிடவில்லை. மூட்டும் முன்னால் நழுவவில்லை. அதனால் கத்தி வேண்டாம், பயிற்சி போதும் என்று முடிவானது.

பயிற்சி பார்க்கச் சின்னதாக இருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, நிலைப்படியில் உள்ளங்கையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கை அசையக் கூடாது. அதற்கு வலி இல்லை என்றான பிறகுதான் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி உள்பக்கமாக இழுக்கச் சொன்னார் ஃபிசியோ. முழங்கை விலகாமல் இருக்க இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். துண்டு விழுந்தால் அந்தத் தடவை கணக்கில்லை. அதிகம் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் வலித்தால் அளவைக் குறைக்கச் சொன்னார்.

மாதக்கணக்கில் இழுத்த வேலைதான். இப்போது கொசுவத்தை நானே சொருகுகிறேன். முதுகுப்பக்கம் கை இன்னும் சரியாகப் போவதில்லை, அதனால் ஜாக்கெட் எல்லாம் முன்பக்கக் கொக்கிதான். மெட்ரோவில் ஏறினால் இடது கையால்தான் கம்பியைப் பிடிக்கிறேன்.

திடீரென்று தோள் முன்னால் துருத்துவது போல் இருந்தாலோ, வந்த பலம் குறைந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நார் முழுதாகப் போய்விட்டால் ரிவர்ஸ் மூட்டு என்று ஒன்று இருக்கிறதாம். பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும் அதில், கையைத் தூக்கும் வேலையை டெல்டாய்டு பார்த்துக்கொள்ளும். 1985இல் பிரான்சில் பால் கிராமோன் என்ற டாக்டர் கொண்டுவந்த வடிவத்திலிருந்து வளர்ந்தது. எனக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது என்கிறார்.