ஐம்பதில் நின்ற பேண்ட்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, செல் கரைசலிலிருந்து பி53 என்ற, புற்றுநோயைத் தடுக்கும் புரதத்தை இழுத்தெடுத்து, அதோடு வேறு எந்தெந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பது. கையில் டிஓ-1 என்ற மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும், எலியிலிருந்து வந்த புரதம். மனித பி53-ன் தொடக்கப் பகுதியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் பிடிக்கும். எலியின் பி53-ஐ வைத்தால் கண்டுகொள்ளவே செய்யாது. ஆன்டிபாடி சுரக்கும் ஒரு செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்துவிட்டால் அதன் வாரிசுகள் எல்லாம் அந்த ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் என்று 1975-ல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டீனும் காட்டிய வழியில் வந்தது. அந்தக் குப்பி மேல் எனக்கு அளவுகடந்த நம்பிக்கை.

ஆன்டிபாடியை நுண்மணிகளில் ஏற்றி, செல் கரைசலோடு இரவு முழுக்கக் குளிர் அறையில் சுழலவிட்டு, காலையில் கழுவி, கொதிக்கவைத்து, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன். புரதங்களை மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றியதும் 37 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) குறிக்குக் கீழே இருந்ததை பிளேடால் வெட்டிப் போட்டுவிட்டேன். ஆன்டிபாடியை மிச்சம்பிடிக்கப் பலரும் செய்வதுதான். பிறகு மறுபடியும் அதே டிஓ-1, அதற்கு மேல் எலி ஆன்டிபாடியைப் பிடித்து அது இருக்குமிடத்தைக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி, செகண்டரி.

ஃபிலிமில் 50-ஐ ஒட்டிக் கறுப்பாக, தடியாக பேண்ட், அதாவது புரதம் நிற்கும் கோடு. எல்லா லேனிலும் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடம்)! சீனியர் அக்காவிடம் ஓடினேன். அவர் ஃபிலிமை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசி லேனைத் தொட்டார்.

“இது எந்த செல்?”

“எச்1299, அக்கா.”

“அதுல பி53 ஜீனே சரியா கிடையாதே. புரதம் எங்கேருந்து வந்துச்சு?”

நான் இழுத்தெடுத்ததில் கணிசமான பங்கு ஆன்டிபாடியேதான். கொதிக்கவைத்தபோது அது கனச் சங்கிலி, இலகு சங்கிலி என்று பிரிந்துவிட்டது. கனச் சங்கிலி ஏறக்குறைய 50 கிலோடால்டன். பி53-ம் ஜெல்லில் அங்கேதான் வந்து நிற்கும். (அதன் உண்மையான எடை 44-க்குப் பக்கம், ஜெல்லில் 53 போலத் தெரிந்ததால் வந்த பெயர்தான் அது.) டிஓ-1 தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. செகண்டரிக்கு எலி ஆன்டிபாடி எது வந்தாலும் சரி, பிடித்துக்கொள்ளும். இலகு சங்கிலி 25-ல் இன்னொரு பேண்டாக நின்று என்னை எச்சரித்திருக்கும். அதைத்தான் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன்.

அடுத்த முறை இழுக்க டிஓ-1, மெம்பிரேனில் பார்க்க முயல் ஆன்டிபாடி, அதற்கேற்ற செகண்டரி. செல் கரைசலே சேர்க்காமல் மணியும் ஆன்டிபாடியும் மட்டும் போட்ட ஒரு லேனும் வைத்தேன். அந்த லேன் காலி, எச்1299 காலி. மற்றவற்றில் மெலிசாக, முதல் நாள் பார்த்ததில் பாதித் தடிமன்கூட இல்லாத ஒரு பேண்ட். மெம்பிரேனை அன்று வெட்டவில்லை.