ரேக்கின் எடையும் வேலையின் வரிசையும்

ரேக்கில், அதாவது கணினிக் கருவிகளை அடுக்கும் உலோகச் சட்டகத்தில், சர்வர் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நான் கண்டவரை, விரல் நசுங்குவதும் இடுப்புப் பிடித்துக்கொள்வதும் மின்னதிர்ச்சியைவிட அடிக்கடி நேர்கின்றன. எடையைப் பற்றிய எச்சரிக்கைகள் கையேட்டின் முதல் பக்கங்களிலேயே அச்சிடப்பட்டிருந்தும் அவற்றை யாரும் படிப்பதில்லை. இன்னொன்றையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பழுது பார்க்க வருகிறவர் பாதுகாப்பாக வேலை செய்ய முடியுமா என்பது, பல நேரங்களில், ரேக்கை நிறுவியவர் அன்றைக்கு எடுத்த சிறுசிறு முடிவுகளிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. எந்தக் கருவி எந்த உயரத்தில் இருக்கிறது, கேபிளுக்கு எவ்வளவு தளர்வு விடப்பட்டிருக்கிறது, எந்த வயர் எந்தப் பக்கத்து மின்னூட்டத்திலிருந்து (மின்சாரம் வரும் தடத்திலிருந்து) வருகிறது என்பனவற்றையெல்லாம் நள்ளிரவில் தனியாக வந்து நிற்பவர் மாற்ற முடியாது.

முதலில் ரேக். 19 அங்குல ரேக்கில் உயரத்தை யூ என்ற அலகால் அளக்கிறோம். ஒரு யூ 44.45 மி.மீ. வழக்கமான 42 யூ ரேக் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அகலமோ 60 செ.மீ. அளவுதான். அதன் விவரத்தாளில் தாங்கும் எடைக்கு இரண்டு எண்கள் இருக்கும்: கால்களில் நிலையாக நிற்கும்போது தாங்குவது ஒன்று, சக்கரங்களில் உருளும்போது தாங்குவது மற்றொன்று. இரண்டாவது குறைவாகவே இருக்கும். பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, முழுதும் நிரப்பிய ரேக்கை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சக்கரங்கள் ரேக்கை உரிய இடத்தில் கொண்டு வைப்பதற்காகத்தான். வைத்த பிறகு சமன்செய்யும் கால்களை இறக்கி, எடையைச் சக்கரங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். உயர்த்தப்பட்ட தளமாக இருந்தால், அதன் ஒவ்வொரு ஓடும் ஒரே புள்ளியில் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நான்கு கால்களின் வழியாக முழு எடையும் இறங்குவதால், சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற சராசரிக் கணக்கு இங்கே உதவாது. நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், மேலே உள்ள கருவிகளை இறக்கிவிட்டு, முன்னிருந்தோ பின்னிருந்தோ தள்ள வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் குறுகிய திசையில் சாயும்.

ரேக் எப்படிக் கவிழ்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் கீழிருந்து மேலாக ஏற்றவேண்டும் என்ற விதியின் வலிமை புரியும். காலி ரேக்கின் எடை 120 கிலோ என்றும், அதன் எடைமையம் முன் சக்கரங்களுக்கு 45 செ.மீ. பின்னால் இருப்பதாகவும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 5,400. ரேக்கை நிமிர்த்தி நிறுத்தும் திருப்புவிசை இதுதான். அதில் 80 செ.மீ. ஆழமும் 100 கிலோ எடையும் கொண்ட டிஸ்க் பெட்டி ஒன்றை மட்டும் பொருத்தி, கருவியைத் தாங்கி நகரும் சட்டமான ரெயிலில் முழுவதும் வெளியே இழுத்தால், அதன் எடைமையம் சக்கரங்களுக்கு 45 செ.மீ. முன்னால் வந்துவிடும், அது 4,500. மிச்சம் 900தான். இப்போது ஒருவர் பெட்டியின் முன்விளிம்பில் முழங்கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்க்கிறார். அந்த விளிம்பு சக்கரங்களிலிருந்து 85 செ.மீ. தள்ளியிருப்பதால், அவர் 11 கிலோ அளவுக்கு அழுத்தினாலே மிச்சமிருந்த 900ஐத் தாண்டிவிடும். அதே ரேக்கில், கவிழாமல் தடுக்கும் முன்கால்களை 30 செ.மீ. வெளியே இழுத்துப் பூட்டியிருந்தால், சாயும் விளிம்பு அந்த அளவுக்கு முன்னே நகர்கிறது. நிமிர்த்தும் விசை 9,000 ஆகிறது. பெட்டியால் வரும் கவிழ்க்கும் விசை 1,500ஆகக் குறைகிறது. முழங்கையை ஊன்றினாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஊன்றக் கூடாது, ஏனெனில் வெளியே இழுத்த சர்வர் மேசை அல்ல, அதன் ரெயிலும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆகவே வரிசை இதுதான்: முன்கால்கள் அல்லது தரையோடு பிணைக்கும் தாங்கிகள் முதலில், அருகருகே பல ரேக்குகள் இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது அடுத்து, அதன் பிறகு எடை மிகுந்தவை அடியில், இலேசானவை மேலே. யு.பி.எஸ்., டிஸ்க் பெட்டிகள் ஆகியவற்றுக்கு அடித்தட்டே இடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியைத்தான் வெளியே இழுக்கலாம். இந்தக் கடைசி விதியை மீறத் தூண்டும் சூழல் பழுது பார்க்கும்போதுதான் வரும்: இரண்டு சர்வர்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றும். முதலாவதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே தள்ளிவிட்டு, அடுத்ததை இழுத்தால் போதும்.

தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சில தயாரிப்பாளர்கள் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டில் 18 கிலோவைத் தாண்டினால் இருவர், 32 கிலோவைத் தாண்டினால் மூவர், 55 கிலோவைத் தாண்டினால் நால்வர் தூக்கவேண்டும் என்று இருக்கும். இந்தக் கணக்கின்படி, டிஸ்க்குகள் நிரம்பிய 2 யூ சர்வர் எதுவும் ஒருவர் வேலையன்று. தோளுக்கு மேலான உயரத்தில் வைக்கவேண்டியது இருந்தால், ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஏற்றும் வண்டியைக் கொண்டுவருவதே முறை, ஏனென்றால் 60 செ.மீ. அகலத்துக்கு முன்னால் நால்வர் நின்று கையை உயர்த்த இடம் இருக்காது. வண்டி கிடைக்காவிட்டால் பவர் சப்ளைகளையும் டிஸ்க்குகளையும் கழற்றி எடையைக் குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கும் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பவர் சப்ளையின் பின்புறக் கைப்பிடியைப் பிடித்துச் சர்வரைத் தூக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பிடி அதன் சொந்த எடையை இழுக்க மட்டுமே உள்ளது.

ரெயில் பொருத்துவதில் அவசரப்படுகிறவர்கள் அதிகம், விளைவும் உடனே தெரிகிறது. ரேக் தூணில் உள்ள துளைகள் சம இடைவெளியில் இல்லை: 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று மூன்றின் தொகுதியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. 12.7 மி.மீ. இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் ஒரு துளை தள்ளிப் பொருத்தினால், கருவி இரண்டு யூக்களின் எல்லைமேல் உட்காரும், அல்லது முன்னும் பின்னும் உயரம் மாறி ரெயில் சாய்வாக நிற்கும். சாய்ந்த ரெயிலில் கருவி பாதி தூரம் போய் இறுகிக்கொள்ளும். அப்போது இருவர் அதைத் தாங்கிக்கொண்டு நிற்க, மூன்றாமவர் பின்னால் ஓடவேண்டியிருக்கும். தூணில் யூ எண் அச்சிடப்பட்டிருந்தால் முன்னும் பின்னும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது வெட்கப்படத்தக்கது அல்ல. சதுரத் துளைகளில் மாட்டும் கேஜ் நட்டை விரலால் அழுத்திப் போடாமல் அதற்கென உள்ள கொக்கியால் போடவேண்டும். அதன் இரும்புக் காது நகக்கண்ணைக் கிழித்துவிடும்.

குண்டு பதித்த நகரும் ரெயில்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நடு ரெயிலுக்குள் குண்டுகளைத் தாங்கும் சட்டம் ஒன்று முன்னும் பின்னும் நகரும். சர்வரின் பக்கவாட்டில் உள்ள உள்ரெயிலை நுழைக்கும் முன், அந்தச் சட்டத்தை முழுவதும் முன்னே இழுத்து வைக்கவேண்டும். பின்னால் தங்கியிருந்தால் உள்ரெயில் அதை இடித்து வளைத்துவிடும், குண்டுகள் தரையில் சிதறும், ரெயில் பயனற்றுப்போகும். நுழைத்த பின் இரண்டு பக்கமும் பூட்டு விழும் ஓசை கேட்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டது என்றால், கையை எடுக்காமல் திரும்பப் பார்க்கவேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். இரட்டைப் பவர் சப்ளை உள்ள கருவிகளை இரண்டு தனித்தனி மின்னூட்டங்களில் இணைப்பது வழக்கம். இதில் கணக்கு தவறுவது எளிது. 16 ஆம்பியர் பிரேக்கர் உள்ள ஒரு மின்னூட்டத்தில் தொடர்ச்சியான சுமையை 80 சதவீதத்துக்குள், அதாவது 12.8 ஆம்பியருக்குள் வைப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கம் நின்றுபோனால் மொத்தச் சுமையும் மறுபக்கம் வரும் என்பதால், சாதாரண நாளில் ஒவ்வொரு பக்கமும் 6.4 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பாதி கூட நிரம்பவில்லையே என்று இடைவெளியில் புதிய சர்வர்களைச் செருகிக்கொண்டே போனால், ஒரு பக்கத்தைப் பராமரிப்புக்காக அணைக்கும் நாளில் மறுபக்கமும் விழும். இருக்கவேண்டிய காப்பு பெயரளவில்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

எர்த் இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு பவர் சப்ளையின் உள்ளேயும் மின்னிரைச்சலை வடிக்கும் மின்தேக்கிகள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் எப்போதும் எர்த் வயரில் கசிந்துகொண்டிருக்கும். ஒன்றில் அது பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆனால் ஒரு ரேக்கில் 30 பவர் சப்ளைகள் ஒரே பி.டி.யு. (ரேக்கில் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சாக்கெட் பட்டை) வழியாக இணைந்திருந்தால் அத்தனை கசிவும் அந்த பி.டி.யு.வின் ஒரே எர்த் வயரில் சேரும். அந்த வயர் அறுந்துபோய், ரேக்குக்கு வேறு எர்த்தும் இல்லையென்றால், உலோகச் சட்டங்கள் அனைத்தும் தொட்டால் அதிரும் நிலைக்கு வந்துவிடும். சேர்ந்த கசிவு தொட்டவரின் உடல்வழியே பாயும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பலருக்குக் கைத்தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாமல் போகும். அதனால்தான் ரேக் சட்டத்துக்குத் தனி எர்த் வயர் போடுவதும், மின்னூட்டம் தருவதற்கு முன்பே அதை இணைப்பதும், கழற்றும்போது கடைசியாகக் கழற்றுவதும் கட்டாயம்.

காற்றோட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சர்வர்கள் முன்னால் குளிர்காற்றை இழுத்துப் பின்னால் வெப்பத்தை விடுகின்றன. உள்ளே வரும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதையே குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கிறது. காலியாக உள்ள யூக்களை மூடித் தகடுகளால் அடைக்காவிட்டால் பின்புற வெப்பக்காற்று சுற்றி முன்னால் வரும். நெட்வொர்க் ஸ்விட்ச்களில் சில எதிர்த்திசையில் காற்றை இழுப்பவை. வாங்கும்போதே திசையைப் பார்க்கவேண்டும்.

பழுது பார்க்கும் நாளில் முதல் ஆபத்து தவறான கருவியைத் தொடுவது. ஒரே மாதிரியான 20 சர்வர்கள் அடுக்கியிருக்கும்போது முன்னால் எண்ணிய எட்டாவது, பின்னால் போய் எண்ணும்போது ஒன்பதாவதாகிவிடுவது சாதாரணம். இருபுறமும் பெயர்ச்சீட்டு இருக்கவேண்டும். தொலைவிலிருந்து ஏற்றக்கூடிய அடையாள விளக்கு இருந்தால் அதை ஏற்றி, முன்னும் பின்னும் மினுக்குவதைக் கண்ட பிறகே கை வைக்கவேண்டும். அடுத்து, மூடியைத் திறப்பதற்கு முன், இரண்டு பவர் கார்டுகளையும் கழற்றவேண்டும். முன்பக்கப் பொத்தானால் அணைத்த சர்வரில் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கார்டுகளைக் கழற்றிய பிறகும் தாய்ப்பலகையின் சிறு விளக்கு அணையும்வரை சற்றுக் காத்திருக்கலாம். பவர் சப்ளையின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதன் மின்தேக்கிகள் மின்சாரம் துண்டித்த பின்பும் ஆபத்தான அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய டிஸ்க், மின்விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றுக்கும் விதி உண்டு. மாற்றவேண்டிய உதிரியைப் பிரித்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பழையதை இழுக்கவேண்டும், ஏனெனில் விசிறி இல்லாத துளை வழியாகக் காற்று தடம் மாறி, சில நிமிடங்களிலேயே கருவி சூடேறித் தானாக அணைந்துவிடக்கூடும். வெளியே இழுத்துவைத்து வேலை செய்யும்படி கேபிளுக்குத் தளர்வு விடப்பட்டிருக்கிறதா என்று, இழுக்கும்போது இன்னொருவர் பின்னால் நின்று பார்ப்பது நல்லது. முறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டையைவிட வெல்க்ரோ பட்டையை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம்: டையை வெட்டும் கத்தரி பல நேரங்களில் பக்கத்து ஃபைபர் (ஒளியிழை) கேபிளையும் வெட்டுகிறது.

நிலைமின்னைப் பலர் மூடநம்பிக்கை போல நடத்துகிறார்கள். மனிதருக்குச் சுரீரென்று உணர்வதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவை. சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகக்கூடும். ஆகவே ஒன்றும் உணரவில்லை என்பது ஒன்றும் நிகழவில்லை என்பதற்குச் சான்றல்ல. மணிக்கட்டுப் பட்டையை ரேக்கின் எர்த் புள்ளியில் மாட்டவேண்டும். அதனுள் ஒரு மெகா ஓம் மின்தடை இருப்பது, தவறி மின்சாரத்தைத் தொட்டாலும் உடலில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக. அப்படியிருந்தும் யு.பி.எஸ். பேட்டரி வேலையின்போது பட்டையைக் கழற்றிவிடுவதே சரி.

யு.பி.எஸ்.ஸைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்கு மற்ற விதிகள் முழுமையாகப் பொருந்தாது என்பதுதான். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் பின்புறச் சாக்கெட்டுகளில் மின்சாரம் இருக்கலாம். தொடராக இணைத்த பேட்டரிகளின் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தம், பாதுகாப்பானதாகக் கருதப்படும் 60 வோல்ட்டைப் பல கருவிகளில் தாண்டிவிடும். ஈய அமில பேட்டரியின் இரு முனைகளை ஒரு ஸ்பேனர் தொட்டால், பாயும் மின்னோட்டம் உலோகத்தை உருக்கும் அளவுக்குப் போகும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி, பிடியில் காப்புறை போட்ட கருவிகளால் மட்டுமே வேலை செய்யவேண்டும். ரேக்கில் ஏற்றும்போது பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டுக் கூட்டை முதலில் பொருத்தி, பின்பு பேட்டரிகளை நுழைத்து, அவற்றின் இணைப்பானைக் கடைசியாகச் செருகவேண்டும். இறக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிறது: இணைப்பான் முதலில், பேட்டரிகள் அடுத்து, கூடு கடைசியில். உப்பிப்போன பேட்டரியை நெம்புகோல் போட்டு இழுக்காமல், கூட்டோடு வெளியே கொண்டுவந்து தரையில் வைத்துப் பிரிப்பதே முறை. அப்படிப்பட்ட கூட்டின் முழு எடையும் அப்போது கைகளில் இருக்கும் என்பதால், அந்த வேலைக்கு இருவராவது வரவேண்டும்.