ரசீது கொடுத்தோமே, வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மாணவிகளுக்கான கழிப்பறை ஒருவழியாகத் திறந்தாகிவிட்டது. அரசிடம் பணம் இருந்தது; ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளையும் தர முன்வந்தது. அந்த இரண்டையும் இணைக்க எங்கள் சிறிய டிரஸ்ட் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்ட வேண்டும், மீதி அரசுடையது. தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி எல்லாம் தடையின்றி முடிந்தன.

எங்கள் பங்குக்கு வரவேண்டியது, நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி. 2021 ஏப்ரல் முதல், அதைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம் கொடுத்துப் பெறும் பதிவு எண் கட்டாயம். அதற்குத் தேவையான, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் எங்களிடம் இருந்தன. ஆனால் பான் அட்டையில் டிரஸ்டின் பெயரை ஓர் எழுத்து பிசகி அச்சிட்டிருந்தார்கள். அதைத் திருத்தி வாங்கும்வரை படிவம் நகரவில்லை. உங்கள் டிரஸ்ட் பத்திரத்தையும் பான் அட்டையையும் இன்றே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய முட்டுக்கட்டை அதற்குப் பிறகுதான். ஒன்றிய அலுவலகம் பங்குத்தொகை முழுவதையும் முன்கூட்டியே கட்டச் சொன்னது. அறக்கட்டளையோ தவணையாகத்தான் தரும். முதல் தவணை செலவானதற்கு ஒன்றிய அலுவலகத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ் காட்டினால்தான் அடுத்தது. ஊரில் நாலு பேரிடம் கைமாற்று வாங்கி முழுத்தொகையையும் கட்டினோம். சான்றிதழ் கேட்டுப் போனால் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பணம் கட்டினீர்கள், ரசீது கொடுத்தோமே, வேறென்ன வேண்டும்?" என்றார். ரசீதை அனுப்பினால், "பணம் கட்டியதற்குத்தான் இது ஆதாரம், செலவானதற்கு அல்ல" என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. அவரவர் விதிப்படி இருவர் சொன்னதும் சரி. நடுவில் வட்டியில்லாமல் பணம் கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் தவித்தது நாங்கள்.

இதற்கிடையே, மார்ச் 31-க்குள் கணக்கு முடியாவிட்டால் மீதித் தொகை கைவிட்டுப் போகும் என்று அறக்கட்டளையில் கையை விரித்தார்கள். எங்கள் ஆடிட்டர் அங்கேதான் கைகொடுத்தார். நிறுவனங்கள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, ஓராண்டைத் தாண்டித் தொடரும் பணி என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு பதிவு செய்திருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். இதைக் கடிதமாக எழுதி அனுப்பிய பிறகே அவர்கள் பேச்சு மாறியது.

சான்றிதழ் சிக்கலைத் தீர்த்தவர் புதிதாக வந்த வட்டார வளர்ச்சி அலுவலர். பணியின் பெயர், நிர்வாக அனுமதி எண், நாங்கள் கட்டிய தொகை, மொத்தச் செலவு, பணி முடிந்த தேதி என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அறக்கட்டளை அதை மறுபேச்சின்றி ஏற்றது. அறக்கட்டளையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இத்தகைய தாளின் மாதிரியை இரு தரப்பிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அறக்கட்டளையிடம் முழுத்தொகையையும் ஒரே தவணையாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், அரசுக்கு முன்பணம் கட்ட வேண்டிய விதியின் நகலைக் கடிதத்தோடு இணையுங்கள்.

கடைசித் தவணை போன வாரம் கணக்கில் ஏறியது. கைமாற்று கொடுத்தவர்களுக்கு அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.