மூணாவது ஸ்பீக்கர் எங்கே?

என் வீட்டு மியூசிக் சிஸ்டத்தைப் பற்றி, எந்த ஸ்பீக்கர், எந்த ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு ஊசி என்ன என்றெல்லாம் நிறைய எழுதிவிட்டேன். அதைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதியதில்லை. என் காதுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வந்து உட்காருபவருக்குத்தான் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பளிச்சென்று தெரிகிறது. அதிலும், "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறவர்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முதலில் என் கல்லூரி நண்பன். சோபாவின் நடுவில் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டேன். பல்லவி முடிவதற்குள் எழுந்துவிட்டான். நேராக டிவிக்கு முன்னால் போய்க் குனிந்து காதை வைத்துப் பார்த்தான். சத்தம் இல்லை. டிவி மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மூணாவது ஸ்பீக்கரை எங்கடா வச்சிருக்க?"

மூணாவது இல்லை, இருப்பது இரண்டுதான் என்று சொன்னால் நம்பவில்லை. பாடகரின் குரல் டிவி இருக்கும் இடத்திலிருந்துதான் வருகிறது என்று சாதித்தான். அவன் சொன்னது சரிதான், குரல் அங்கேதான் நின்றது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் ஒரே அளவில் வந்து, கேட்பவர் இரண்டுக்கும் சம தூரத்தில் இருந்தால், மூளை அந்தக் குரலை நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால்தான் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் சோபாவின் நடு இடம் வருகிற மாதிரி போட்டிருக்கிறேன். அவனை ஓர் ஆள் இடம் இடப்பக்கம் நகரச் சொன்னேன். குரலும் கூடவே இடப்பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கத்து ஒலி ஒரு மில்லி நொடியோ இரண்டோ முந்தி வந்தால் போதும், காது ஏமாந்துவிடும். அவன் நடுவுக்கும் ஓரத்துக்கும் மாறி மாறி நகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்ததையே கவனிக்கவில்லை.

ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோ எனப்படும் இந்த வித்தைக்குக் காப்புரிமை கேட்டு 1931 டிசம்பரில் விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு மக்கள் கைக்கு வர 1950களின் கடைசி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும், முதல்முறை ஒழுங்காகக் கேட்கிற ஒருவர் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் தேடுகிறார் என்றால், ப்ளூம்லைனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

இன்னொரு நண்பர் உள்ளே வந்ததும் கேட்டது "எத்தனை வாட்?" என்றுதான். நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். வாட் இரட்டிப்பானால் சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் கூடுவது 3 மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். வீட்டில் நாங்கள் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவது ஒன்றிரண்டு வாட்தான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது.

மனைவிக்கு ஆரம்பத்தில் இந்த சிஸ்டமே பிடிக்கவில்லை. சத்தம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. இடம்தான் பிரச்சினை. பின்சுவரை ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, அளவுக்கு மீறி உப்பிவிடும் என்பதால் ஸ்பீக்கர்களை முன்னால் இழுத்து வைத்திருந்தேன். "வாசல்ல காவலுக்கு ஆள் நிக்கிற மாதிரி இருக்கு, கூட்டிப் பெருக்க முடியலை" என்றாள். அவள் சொன்னது நியாயம். தரையில் நான்கு மூலைக்கும் டேப் ஒட்டினோம். கேட்கும்போது ஸ்டாண்டை டேப் வரைக்கும் இழுப்பது, முடிந்ததும் சுவரோரம் தள்ளுவது என்று ஏற்பாடு.

ஆனால் இந்த அறையின் குணத்தை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். துணி மடித்து எடுத்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே போனவள் பாதி வழியில் நின்றாள். ஒரு அடி பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"ஏங்க, இந்த இடத்துல வந்தா பேஸ் காணாமப் போகுது. அங்க சுவர்கிட்ட போனா தொம் தொம்முனு வருது. ஏன்?"

எங்கள் கூடம் ஒரு பக்கம் 4 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 8 மீட்டர் என்ற கணக்கில், 43 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 43 அதிர்வு) பக்கத்து பேஸ் ஒலி இரண்டு சுவருக்கும் இடையே மோதி மோதி ஓரிடத்தில் நிற்கும் அலையாகிவிடுகிறது. சுவரோரம் அது பலமாக இருக்கும், நடுவில் ஏறக்குறைய இருக்காது. புத்தகத்தில் படித்திருந்தேன். நடந்தே அளந்தவள் அவள். அன்றைக்கே இருவரும் சேர்ந்து சோபாவை நடுக்கோட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளினோம். எந்தக் கேபிளை மாற்றியிருந்தாலும் அந்த வித்தியாசம் வந்திருக்காது. அதற்குப் பிறகு சிஸ்டத்தில் எதை நகர்த்துவதானாலும் அவளைக் கேட்டுத்தான்.

அப்பா சொன்னது என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய ரேடியோவுல வார்த்தை நல்லா விளங்கும்." கேட்டபோது மனசு கொஞ்சம் கனத்தது. பிறகு அவர் பக்கத்திலிருந்து பார்த்தேன். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளை. ச, ஸ, ஷ, த போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சின்ன ரேடியோவில் பேஸே கிடையாது, குரல் மட்டும் முன்னால் நிற்கும். என் சிஸ்டத்திலோ கீழ் ஸ்தாயி எல்லாம் நிறைந்து வந்து அந்த மெல்லிய ஒலிகளை மூடுகிறது. போதாததற்கு அவர் எப்போதும் உட்காருவது ஓரத்து நாற்காலியில். ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயிக்கென்று இருக்கும் சின்னப் பகுதியான ட்வீட்டரின் ஒலி நேர் எதிரே போகிற அளவுக்குப் பக்கவாட்டில் போகாது.

அதனால் அவர் வரும் நாட்களில் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரை அவர் நாற்காலியைப் பார்த்துத் திருப்பிவிடுகிறேன். பேஸைக் கொஞ்சம் குறைக்கிறேன். குரல் நடுவில் நிற்காது, பரவாயில்லை. "இப்ப விளங்குது" என்றார். அவர் சொல்கிற சின்னப் பாராட்டு எனக்குப் பெரிது.

அம்மா கேட்ட கேள்வி வேறு மாதிரி. ஒரு பழைய ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "இதுல மட்டும் ஏன்டா எல்லாரும் ஒரே இடத்துல நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க?" என்றார். அது மோனோ ரெக்கார்டு. ஒற்றை வரிசையில் பதிந்தது, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றே வரும். அந்தச் சொல்லே அவருக்குத் தெரியாது. சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு வாங்குவதையும் அவர்தான் முதலில் காட்டினார். இத்தனை வருஷம் கேட்ட பாட்டு, அந்த மூச்சு இருப்பது தெரியாமலே கேட்டிருக்கிறோம்.

அண்ணன் மகள் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள ஓட்டையில் கையை வைத்து "சித்தப்பா, காத்து வருது!" என்று கூவினாள். அவள் விரல் அடுத்து ட்வீட்டருக்குப் போகும் என்று தெரிந்ததால் துணி மூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் இரவில் பேஸ் மட்டும் இறங்கி வருகிறது என்றார். ஒன்பதுக்கு மேல் ஹெட்போன்தான் இப்போது.

எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. சிடியையும் போனிலிருந்து வருவதையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால், பலருக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. கொஞ்சம் சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பதால் சத்தத்தைச் சமன் செய்யாமல் நான் எதையும் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வருகிறவர்களுக்கு இப்போது நான் பாட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. கண்ணாடி உடைகிற சத்தம், ஹெலிகாப்டர் பறக்கிற சத்தம் என்று காட்டினால் ஆச்சரியப்படுவார்கள், அதோடு எழுந்து போய்விடுவார்கள். "உங்களுக்குப் பிடிச்சது சொல்லுங்க" என்றால் அவர்களுக்கு மனப்பாடமான ஒன்றைச் சொல்வார்கள். அதில் புதிதாக ஒன்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். சில பாட்டு இதில் மோசமாகக் கேட்கும், எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நசுக்கிப் பதிந்திருப்பார்கள். அப்போது பதிவு சரியில்லை என்று நான் வாய் திறப்பதில்லை. அவர் பல வருஷமாக நேசிக்கும் பாட்டு அது.

அடுத்த வாரம் அத்தை வருகிறார். பாட்டுப் பட்டியல் இப்போதே வந்துவிட்டது. பாதிக்கு மேல் மோனோ. அம்மாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார்கள். நடு இடம் ஒருவருக்குத்தான் சரியாக அமையும், ஆனால் மோனோவுக்கு அவ்வளவு பாதகம் இல்லை. சோபாவை இன்னும் அரை அடி பின்னால் தள்ளினால் இருவருக்கும் ஒத்துவருமா என்று மனைவியைக் கேட்க வேண்டும்.