முகவரி என்று ஒரு கட்டம்

மனநலப் பிரிவிலிருந்து தம்பியை வெளியே அனுப்பிய அன்று இரண்டு காகிதங்கள் கொடுத்தார்கள். ஒன்று மாத்திரைச் சீட்டு. இன்னொன்று, அடுத்த மாதம் வந்து காட்டுவதற்கான படிவம். அதில் 'முகவரி' என்ற கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தபடி அவன் என்னைப் பார்த்தான். நோயில் வேலை போய், வாடகை பாக்கியில் அறையும் போயிருந்தது. சரி, என் முகவரியை எழுது என்றேன். நானே இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தேன்.

அடுத்த ஏழு வாரம் நண்பர்கள் வீட்டு சோபாக்களில் மாறி மாறிப் படுத்தான். மாத்திரைப் பை ஒரு வீட்டில், ஆள் இன்னொரு வீட்டில். இரவு மாத்திரை போட்டால் அடித்துப்போட்டது போல் தூக்கம் வரும். அடுத்தவர்கள் டிவி பார்த்து முடித்து எழுந்திருக்கும்வரை படுக்க இடமில்லாதவன் அதை எப்போது போடுவான்? மறுமுறை போனபோது கோப்பில் எழுதினார்கள்: 'மருந்துக்கு ஒத்துழைப்பதில்லை.' அந்த வரி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

குறைந்த வாடகை வீடு கேட்டுப் போன அலுவலகத்தில், முதலில் ஆறு மாதம் சிகிச்சையில் நிலையாக இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நிலையாக இருக்கத்தானே இடம் கேட்டோம்!

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். 1992-இல் நியூயார்க்கில், தெருவில் கிடந்த மனநோயாளிகளுக்கு முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். மருந்து எடு, குடியை நிறுத்து என்ற நிபந்தனையே இல்லை. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தது. முதலிலேயே வீடு கிடைத்தவர்கள், வழக்கமான உதவி பெற்றவர்களைவிட வெகுகாலம் வீட்டில் நிலைத்தார்கள். ஆனால் நோய் அறிகுறிகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு மருந்தாகிவிடாது. வீடில்லாமல் மருந்தை வைக்கவும் இடமிருக்காது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வழி திறந்தது ஒரு சமூக மையத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரால். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்து வருபவர்களோடு பேச மருத்துவ நிலையங்களின் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாரே, அந்தப் பாட்டிகளைப் பற்றிப் பின்னால் படித்தபோது இந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். மனச்சோர்வு என்ற பெயரைச் சொல்லாமல், 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள்படும் அந்நாட்டு ஷோனா மொழிச் சொல்லால் அங்கே பேச்சைத் தொடங்குவார்களாம். இந்த அம்மாவும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "நேத்து ராத்திரி எங்கப்பா தூங்கினே?" என்றுதான் கேட்டார். தம்பி பதில் சொல்ல நெடுநேரம் ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர் எழுதிய கடிதங்களாலும், ஒவ்வொரு கவுன்ட்டராகக் கூடவே வந்து நின்றதாலும் நான்காவது மாதம் ஓர் அறை கிடைத்தது. முதல் இரவு தம்பி போனை எடுக்கவில்லை. எட்டு முறை அடித்துவிட்டு, பதறிப்போய் விடியற்காலையில் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டேன்க்கா."