கயிறு இழுப்பவர்கள்

நகல் ஓவியப் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பாரிஸின் மோன்மார்த்ர் பெருஞ்சாலையை கமீல் பிஸாரோ இரவு நேரத்தில் வரைந்த படம். 1897-இல் ஒரு ஹோட்டல் அறையில் தங்கி, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி அந்தச் சாலையை அவர் 14 முறை வரைந்தார். அதில் இரவுக் காட்சி இது ஒன்றுதான். மழையில் நனைந்த சாலை, சவாரிக்காக வரிசையில் நிற்கும் குதிரை வண்டிகள், இரண்டு பக்கமும் வெளிச்சமான கடைகள். மனிதர்கள் என்று பார்த்தால் ஆளுக்கு இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல்தான். அதனால் எளிது என்று நினைத்து நான்கே நாளில் முடித்துவிட்டேன்.

மாஸ்டர் வந்து பார்த்தார். "தம்பி, எல்லா விளக்கையும் ஒரே மஞ்சளிலிருந்தா எடுத்தே?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பெரிய அச்சுப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தார். நடுச்சாலையில் உயரமாக நிற்பவை மின்விளக்குகள், அவற்றின் ஒளி குளிர்ந்த வெள்ளை. கடைகளில் எரிபவை எரிவாயு விளக்குகள், அவை ஆரஞ்சு கலந்த மஞ்சள். வண்டிகளில் சின்னச் சின்ன எண்ணெய் விளக்குகள். ஒரே சாலையில் மூன்று விதமான வெளிச்சம். நான் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டேன். அதோடு அந்த ஊரின் அந்த வருடமே படத்திலிருந்து போய்விட்டது. கடை எது, வண்டி எது, யார் சவாரிக்குக் காத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த வெளிச்ச வித்தியாசம்தான். கேன்வாஸைச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது முறை மூன்று வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு சந்தை, துறைமுகம், கடைவீதி என்று வியாபாரக் காட்சிகளே என் பக்கம் வர ஆரம்பித்தன. கட்டம் போட்டு அளவை மாற்றுவது, அடிப்பூச்சு, வார்னிஷ் எல்லாம் பழகினால் வந்துவிடும். எந்த நிறத்தை நகலெடுப்பது என்ற கேள்விதான் கொஞ்சம் சிக்கலானது. பழைய வார்னிஷ் மஞ்சளித்துப்போன படத்தில் வானம் தேநீர் நிறத்தில் இருக்கும். ஓவியர் வைத்தது அந்த நிறம் அல்ல. வாடிக்கையாளர்களோ அந்தப் பழுப்பைத்தான் 'பழமை' என்று விரும்புவார்கள். நான் கூடியவரை ஓவியர் பக்கம் நிற்பேன்.

நான் மறக்க முடியாத வேலை, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் ஸேதுவான் வரைந்ததாகச் சொல்லப்படும் சீனச் சுருள் ஓவியம். சோங் அரசின் தலைநகரான பியான்ஜிங்கின், அதாவது இன்றைய காய்ஃபெங்கின், ஆற்றங்கரையும் கடைத்தெருவும்தான் காட்சி. பட்டுத்துணியில் சுமார் 25 செ.மீ. உயரம், நீளம் 5 மீட்டருக்கு மேல். மனிதர்கள் பெரும்பாலும் கட்டைவிரலைவிடச் சிறியவர்கள். ஆனால் பிஸாரோவின் கூட்டம் போல இல்லை. இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காவுதடியின் இரண்டு முனையிலும் சுமை தொங்க நடக்கிறவன், மூட்டை சுமந்து படகிலிருந்து கரையேறுகிறவன், நகர வாசல் வழியே போகும் ஒட்டகங்கள். நடுவில் தூணே இல்லாத மரப்பாலம். அதன் கீழே பாய்மரக் கம்பத்தை அவசரமாகச் சாய்க்கும் படகோட்டிகள், மேலே கைப்பிடியில் சாய்ந்து கத்துகிறவர்கள்.

இவர்களை வரையும்போது மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "மூட்டை எவ்வளவு கனம்?" கனம் தெரிந்தால்தான் முதுகு எவ்வளவு வளைய வேண்டும், எந்தக் காலில் பாரம் விழ வேண்டும் என்று தெரியும். அரிசி மூட்டைக்கு வளைகிற முதுகு வைக்கோலுக்கு வளையாது. அரை அங்குல மனிதனிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படும்.

ஒரு வாடிக்கையாளர் தன் அலுவலக வரவேற்பறைக்காகப் பாலமும் ஆறும் உள்ள பகுதியைப் பெரிதாக்கிக் கேட்டார். கூடவே, கரையோரம் படகைக் கயிறு கட்டி இழுக்கும் ஆட்களை எடுத்துவிடச் சொன்னார். பார்க்க ஏழ்மையாக இருக்கிறதாம். கடைகளும் படகுகளும் போதும் என்றார். மாஸ்டர் அப்போது ஊரில் இல்லை. நான் சரி என்றேன்.

ஆட்களை அழித்தேன். கயிறு மட்டும் கரை வரை வந்து நின்றது. அதையும் அழித்தேன். இப்போது படகு யாரும் இழுக்காமல் நீரோட்டத்துக்கு எதிராக நின்றது. தண்ணீரின் சுழிப்பைக் குறைத்துச் சமாளித்தேன். அப்புறம் படகின் சாய்வு பொருந்தவில்லை, அதையும் நிமிர்த்தினேன். ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த ஆறு ஏரியாகிவிட்டது. வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தது, வாங்கிக்கொண்டு போனார். நான் செய்த வேலைகளில் இன்றும் மனதை உறுத்துவது அது ஒன்றுதான்.

நகலெடுப்பவர்கள் மாற்றுவது புதிதல்ல. 1736-இல் சீனாவின் சிங் வம்ச அரசவை ஓவியர்கள் ஐந்து பேர் இதே சுருளைத் தங்கள் பாணியில் 11 மீட்டருக்கு மேல் வரைந்தார்கள். மரப்பாலம் அங்கே கல்பாலமாகிவிட்டது. ஆனால் அவர்கள் தங்கள் காலத்து ஊரை உள்ளே கொண்டுவந்தார்கள். நான் ஊரைச் சுமந்தவர்களை வெளியே அனுப்பினேன். இரண்டும் ஒன்றில்லை.

இப்போது வேலை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுகிறேன். அளவை மாற்றலாம், மூலத்தின் அளவிலேயே செய்யாமலிருப்பது நல்லதும்கூட. லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நகலெடுப்பவர்களுக்கும் அதுதான் விதி. ஒரு பகுதியை மட்டும் கேட்கலாம். பின்பக்கம் 'நகல்' என்று எழுதித்தான் கொடுப்பேன். வேலை செய்கிற ஆட்களை மட்டும் எடுக்கமாட்டேன். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன.

போன மாதம் அந்தச் சுருளின் அதே பகுதியை இன்னொருவர் கேட்டார். முதலில் கயிறு இழுப்பவர்களை வரைந்தேன். பிறகு கயிறு, அதற்குப் பிறகுதான் படகு.